ஒரே வளவு, தனி அடுப்பு: கெர்னலின் கட்டாயக் காவலைப் பங்கிடுவது ஏன் இத்தனை சிக்கல்?

"அண்ணே, எஸ்இலினக்ஸ் ஆஃப்ல இருக்குன்னு சொல்லுது. ஆனா ஃபைலை எழுத விடமாட்டேங்குது. அப்ப யாருதான் தடுக்குறா?"

காரைக்குடி செக்காலை ரோட்டில் எங்கள் சின்ன அலுவலகம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன தம்பி ஒருவர் ஒரு சாயங்காலம் கேட்ட கேள்வி இது. எஸ்இலினக்ஸ் என்பது, எந்த நிரல் எதைத் தொடலாம் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருந்தே காவல் காக்கும் பாதுகாப்பு முறை. ஃபெடோரா என்ற லினக்ஸ் ஓடும் சர்வரில் ஒரு கன்டெய்னரை, அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து நிரல்களை ஓட்டும் ஒரு தனிப் பெட்டியை, கிளப்பி, வெளியில் இருக்கும் ஒரு ஃபோல்டரை அதற்குள் இணைத்திருந்தார். கன்டெய்னருக்குள் அவர்தான் ரூட், எல்லா அதிகாரமும் உள்ள பயனர். ஃபோல்டரின் உரிமையாளர் சரி, அனுமதி எண்கள் சரி. இருந்தும் எழுதப் போனால் 'பெர்மிஷன் டினைடு'. உள்ளே இருந்தபடியே 'கெட்என்ஃபோர்ஸ்' கட்டளையைப் போட்டுப் பார்த்திருக்கிறார். 'டிஸேபிள்டு' என்று பதில். பாதுகாப்பு அணைந்துதான் கிடக்கிறது என்று நினைத்து ஒரு மணி நேரம் வேறு எங்கெங்கோ தேடியிருக்கிறார்.

நான் கன்டெய்னரை விட்டு வெளியே வந்து, சர்வரின் ஆடிட் பதிவைத் திறந்து காட்டினேன். வரி வரியாக 'ஏவிசி: டினைடு', அதாவது எஸ்இலினக்ஸ் மறுத்ததற்கான குறிப்பு. கேட்ட பிராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், லேபிள் 'கன்டெய்னர்_டி'. கேட்கப்பட்ட ஃபோல்டரின் லேபிள் 'யூசர்_ஹோம்_டி'. முன்னது பின்னதைத் தொடலாம் என்று பாலிசியில் ஒரு விதியும் இல்லை. அதனால் கெர்னல் மறுத்துவிட்டது. எஸ்இலினக்ஸ் முழு வீச்சில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கன்டெய்னருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் அது இல்லை என்று சொல்லப்பட்டது.

இந்தப் பொய் வேண்டுமென்றே சொல்லப்படுவது. எஸ்இலினக்ஸ் பயனர் நிரல்களோடு பேசுவதற்கு 'எஸ்இலினக்ஸ்எஃப்எஸ்' என்ற சின்ன ஃபைல் சிஸ்டம் உண்டு. அது கண்ணில் படாவிட்டாலோ, படிக்க மட்டும் என்று இணைந்திருந்தாலோ, 'எஸ்இலினக்ஸ் இல்லை' என்று எடுத்துக்கொள்ளும்படி அதன் நூலகம் எழுதப்பட்டிருக்கிறது. கன்டெய்னரைக் கிளப்பும் மென்பொருள்கள் அந்த வழியை மூடிவைத்துவிடுகின்றன. மூடாவிட்டால், உள்ளே இருக்கும் இன்ஸ்டாலர்களும் சர்வீஸ்களும் பாலிசியை ஏற்றப் பார்க்கும், லேபிளை மாற்றப் பார்க்கும். அவை கை வைப்பது சர்வர் முழுவதற்குமான ஒரே பாலிசியில் போய் விழும். ஏனென்றால் கெர்னலில் எஸ்இலினக்ஸுக்கு இருப்பது ஒரே ஒரு பாலிசி, ஒரே ஒரு 'ஆன்-ஆஃப்' நிலை.

அதை ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனியாக ஆக்கித் தர முடியாதா? கெர்னல் ஆட்கள் பல வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். லினக்ஸில் மற்றவற்றில் பலவற்றையும் பிரித்தாகிவிட்டது, இது இன்னும் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பது எனக்கு எங்கள் ஊர் வீடுகளை வைத்து யோசித்தபோதுதான் தெளிவாகப் பிடிபட்டது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு 'வேறு வைப்பது' தெரியும். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் புதுத் தம்பதியைத் தனிக் குடித்தனமாக்கிவிடுவார்கள். ஆனால் வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வீட்டில், வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக இருக்கும் அறைகளில் ஒன்று அவர்களுக்கு. அடுப்பு தனி, வரவு செலவுக் கணக்கு தனி. முகப்பும் திண்ணையும் வளவும் பொது. கோட்டையூரில் எங்கள் ஐயா வீட்டில் ஒரு காலத்தில் நான்கு அடுப்பு எரிந்ததாக அப்பத்தா சொல்வார்கள். தலைவாசல் கதவு ஒன்றுதான், சாவியும் ஒருவரிடம்தான். கோயில் கணக்கில்கூட கல்யாணமான ஒரு ஜோடி தனிப் 'புள்ளி'. கோயில் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

லினக்ஸ் நேம்ஸ்பேஸ் ஏறக்குறைய இதே ஏற்பாடு. கெர்னல் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு பிராசஸ் கூட்டத்துக்கும் தனக்கென்று தனி உலகம் இருப்பதாகத் தோன்றும். முதலில் 2002-இல், 2.4.19 வெளியீட்டில், ஃபைல் சிஸ்டம் இணைப்புகளைப் பிரிக்கும் மவுண்ட் நேம்ஸ்பேஸ் வந்தது. 2006-இல் மெஷின் பெயருக்கும் பிராசஸ்களுக்கு இடையிலான தகவல் பரிமாற்றத்துக்கும். 2008-இல் பிராசஸ் எண்ணுக்கு. அதே வாக்கில் நெட்வொர்க்குக்கும் தொடங்கி அடுத்த சில வெளியீடுகளில் நிறைவேறியது. 2013 பிப்ரவரியில் 3.8 வெளியீட்டோடு யூசர் நேம்ஸ்பேஸ் பயன்பாட்டுக்கு வந்தது. உள்ளே ரூட்டாகத் தெரிபவர் வெளியே சாதாரண ஆள் என்ற மாயத்தைச் செய்வது இதுதான். கன்டெய்னரைக் கிளப்பும் டாக்கர் மென்பொருள் வெளிவந்ததும் அதே வருஷம். அப்புறம் 2016-இல் சிகுரூப் (பிராசஸ் கூட்டங்களுக்கு வளங்களை அளந்து கொடுக்கும் ஏற்பாடு), 2020-இல் நேரம். மொத்தம் எட்டு.

எட்டும் ஒரு தன்மையில் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். எல்லாமே பெயர்களையும் எண்களையும் பற்றியவை. என் உலகில் பிராசஸ் எண் 1 நான், உன் உலகில் 1 நீ. இருவரும் ஒரே எண்ணைச் சொன்னாலும் சண்டை வராது, ஏனென்றால் இருவர் சொல்வதும் வேறு வேறு பொருள். அடுப்பைத் தனியாக்குவது மாதிரி. நீ சாம்பார் வை, நான் ரசம் வைக்கிறேன்.

கட்டாயக் காவல் அந்த ரகம் இல்லை.

சாதாரண யுனிக்ஸ் அனுமதி முறையில் ஃபைலுக்கு உரிமையாளர்தான் ராஜா. யாருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் இஷ்டம். ரூட்டுக்கு எல்லாம் திறந்தே கிடக்கும். கட்டாய அணுகல் கட்டுப்பாடு இதைக் கவிழ்த்துப் போடுகிறது. சிஸ்டம் முழுவதற்கும் ஒரு பாலிசி. உரிமையாளரே நினைத்தாலும், ரூட்டே நினைத்தாலும், பாலிசி மறுத்தால் மறுத்ததுதான். வேர் ராணுவ ரகசியக் காப்பில் இருக்கிறது. டேவிட் பெல், லெனார்ட் லபடுலா இருவரும் 1973-இல் வகுத்த மாதிரியில், மேல் நிலை ரகசியம் கீழே கசியாதபடி தடுப்பதே நோக்கம். அந்த மரபில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை எஸ்இலினக்ஸை உருவாக்கி 2000 டிசம்பரில் திறமூலமாக வெளியிட்டது. 2001-இல் கெர்னல் மாநாட்டில் அதைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரே ஒரு முறையை மட்டும் கெர்னலுக்குள் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் பாதுகாப்பு முறையைச் செருகிக்கொள்ள ஒரு பொதுச் சட்டகம் கொண்டுவாருங்கள் என்றார். அப்படிப் பிறந்ததுதான் 'லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்ஸ்'. 2003-இல் 2.6 வெளியீட்டில் சட்டகமும் எஸ்இலினக்ஸும் பயனர்களுக்குக் கிடைத்தன. பின்னால் 2008-இல் ஸ்மாக், 2009-இல் டொமோயோ, 2010-இல் ஆப்ஆர்மர் என்று வரிசையாகச் சேர்ந்தன. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில்கூட, 5.0 பதிப்பிலிருந்து எஸ்இலினக்ஸ் முழுமையாகக் காவல் நிற்கிறது.

இப்போது பிரச்சினையை நேராகச் சொல்லலாம். கட்டாயக் காவலின் மதிப்பே 'உள்ளே இருப்பவரால் கழற்ற முடியாது' என்பதில்தான். நேம்ஸ்பேஸின் மதிப்பு 'உள்ளே இருப்பவரே தன் உலகுக்கு எஜமான்' என்பதில். இரண்டையும் ஒரே அறையில் குடிவைக்க வேண்டும். புதுக் குடித்தனக்காரர் தலைவாசல் பூட்டையும் 'என் பங்கு' என்று மாற்றிவிட்டால் அது எல்லோருக்கும் ஆபத்து. அவருக்குத் தன் அறைக்குக்கூடத் தாழ்ப்பாள் போட உரிமை இல்லை என்றால், அதை வேறு வைத்தது என்று சொல்ல முடியாது.

இன்றைக்கு நாம் செய்வது இரண்டாவது. அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வீட்டுக்காரர் வெளியில் இருந்து ஒரு பூட்டுப் போடுகிறார். எல்லாக் கன்டெய்னருக்கும் ஒரே வகை லேபிள். ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் 1,024 எண்களில் இருந்து இரண்டை எடுத்து ஒட்டிவிடுவார்கள். ஒரு கன்டெய்னருக்கு 123-உம் 456-உம் என்றால் அடுத்ததற்கு வேறு ஜோடி. 5,23,776 ஜோடிகள் சாத்தியம். வர்ச்சுவல் மெஷின்களுக்காக 2009 வாக்கில் வந்த யோசனை இது, அருமையாக வேலை செய்கிறது. கன்டெய்னரில் இருந்து தப்பி வெளியே வரும் ஓட்டைகள் எத்தனையையோ இது மட்டுமே தடுத்து நிறுத்தியிருக்கிறது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கன்டெய்னருக்குள் நடப்பதற்கு இதில் ஒரு காவலும் இல்லை. உள்ளே வெப் சர்வரும் டேட்டாபேஸும் சேர்ந்து ஓடினால் இரண்டுக்கும் ஒரே லேபிள். ஒன்று விழுந்தால் மற்றதும் திறந்த வீடு. ஃபெடோராவுக்குள் ஒரு ஆண்ட்ராய்டு சூழலை ஓட்ட வேண்டும், அது தன் பாலிசியையே கேட்கும் என்றால், இடம் இல்லை. புதுப் பாலிசி எழுதிச் சோதிக்க நினைப்பவர்களும் முழு மெஷின் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அதிகாரச் சிக்கலுக்கு விடை ஓரளவு தெளிவாகிவிட்டது என்றே நினைக்கிறேன். எஸ்இலினக்ஸ் உருவாக்கத்தில் ஆரம்பத்தில் இருந்தே இருக்கும் ஸ்டீபன் ஸ்மாலி 2017-இல் முதல் வரைவு நிரலை முன்வைத்தார். பல வருஷ இடைவெளிக்குப் பின் மறுபடி கையில் எடுத்து 2025-இல் புதுப்பித்த வடிவங்களை விவாதத்துக்கு வைத்தார். அடிப்படை யோசனை இது: ஒரு பிராசஸ் எதையாவது தொடும்போது, அது இருக்கும் நேம்ஸ்பேஸின் பாலிசியைக் கேள். 'சரி' என்றால் நிறுத்தாதே, தாய் நேம்ஸ்பேஸின் பாலிசியையும் கேள். அதன் தாயையும் கேள். உச்சியில் இருக்கும் சர்வரின் பாலிசி வரைக்கும் எல்லோரும் 'சரி' என்றால்தான் அனுமதி. யாராவது ஒருவர் மறுத்தாலும் மறுப்பு.

இதன் அழகு என்னவென்றால், உள்ளே இருப்பவர் என்ன பாலிசி போட்டாலும் கூடுதலாக இறுக்கத்தான் முடியும், தளர்த்த முடியாது. எல்லாவற்றையும் அனுமதிக்கும் வெற்றுப் பாலிசியை அவர் ஏற்றினாலும், தலைவாசல் பூட்டு அப்படியே இருக்கும். இந்தக் கொள்கை நடைமுறையில் நிற்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2021-இல் 5.13 வெளியீட்டில் வந்த லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு மாட்யூல் இப்படித்தான் வேலை செய்கிறது. எந்த நிரலும் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளலாம், மேலே மேலே 16 அடுக்கு வரை போகலாம், ஒவ்வொரு அடுக்கும் இறுக்கும், ஒன்றும் அவிழ்க்காது. அதனால் ரூட் அனுமதி இல்லாமலே யார் வேண்டுமானாலும் பயன்படுத்த விட்டிருக்கிறார்கள்.

இதன்படி ஒரு பிராசஸுக்கு ஒரு லேபிள் போதாது. மூன்று அடுக்கு உள்ளே இருந்தால் மூன்று லேபிள், ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் ஒவ்வொன்று. வீட்டில் 'சின்னவன்', அலுவலகத்தில் 'மேனேஜர்', கோயிலில் 'இன்னார் வீட்டுப் புள்ளி' என்று ஒருவரே இருப்பது போல. பிராசஸுக்கு இது பெரிய பாரம் இல்லை. பிராசஸ் மெமரியில் இருக்கிறது, முடிந்தால் போய்விடும். லேபிளும் அதோடு போய்விடும்.

ஃபைல்தான் பிடிவாதம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், உண்மையான முடிச்சு இதுதான். எங்கள் ஐயா வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. விளிம்புக்குக் கீழே விலாச எழுத்துகள் உளியால் வெட்டியிருக்கும். செட்டிநாட்டில் பாத்திரத்தில் பேர் வெட்டாத வீடு கிடையாது. கல்யாணத்துக்கு, படைப்புக்கு என்று சாமான்கள் ஒன்றாகக் கலந்து புழங்கும். முடிந்ததும் எழுத்தைப் பார்த்துத்தான் பிரித்து எடுப்பார்கள். அந்த எழுத்து அண்டாவிலேயே இருக்கிறது, நோட்டுப் புத்தகத்தில் இல்லை. அண்டா எங்கே போனாலும் எழுத்தும் போகும். அதுதான் அதன் பலம்.

எஸ்இலினக்ஸ் லேபிளும் அப்படி வெட்டிய எழுத்து. 'எல்எஸ்' கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் போட்டால் தெரியும்: பயனர், பங்கு, வகை, நிலை என்று நான்கு பகுதி. அது ஃபைலின் கூடுதல் பண்பாக டிஸ்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெயர் மாற்றினாலும், அதே டிஸ்கில் ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் நகர்த்தினாலும், லேபிள் கூடவே வரும். மெஷினை அணைத்து ஏற்றினாலும் இருக்கும். இந்த நிலைத்தன்மையை நம்பித்தான் எஸ்இலினக்ஸே கட்டப்பட்டிருக்கிறது.

அந்த அண்டாவில், வேறு வைத்த நான்கு குடும்பமும் தங்கள் தங்கள் எழுத்தை வெட்ட வேண்டும் என்றால்? ஒரு ஃபைலுக்கு, அதைப் பார்க்கும் ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் தன் லேபிளைக் கேட்கும். பண்பின் பெயரோடு நேம்ஸ்பேஸின் பெயரையும் சேர்த்துத் தனித்தனியாக எழுதி வைக்கலாம் என்பது உடனே தோன்றும் விடை. எழுதலாம். ஆனால் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் வழக்கமாக ஒரு ஃபைலின் எல்லாக் கூடுதல் பண்புகளும் ஐநோடில் (ஃபைலின் விவரக் குறிப்பில்) மிச்சமிருக்கும் இடத்துக்கும் ஒரே ஒரு பிளாக்குக்கும், அதாவது பெரும்பாலும் 4,096 பைட்டுக்குள், அடங்கியாக வேண்டும். நாற்பது ஐம்பது கன்டெய்னர் ஆளுக்கொரு லேபிளை எழுதினாலே இடம் நிரம்பிவிடும். கன்டெய்னர் போன பின் அதன் லேபிள்களை யார் அழிப்பது? சாயங்காலத்துக்குள் பிறந்து செத்துவிடும் கன்டெய்னர்களுக்காக லட்சக்கணக்கான ஃபைல்களில் கீறிவைத்த எழுத்துகள் அப்படியே கிடக்கும். அடுத்த மாதம் அதே பெயரில் இன்னொரு நேம்ஸ்பேஸ் பிறந்தால், பழைய எழுத்தைத் தன்னுடையது என்று அது நம்பிவிடும்.

இன்னொரு முட்டுக்கட்டை: கன்டெய்னர் கிளம்பும் மூலப் பிரதியான இமேஜின் அடித்தள அடுக்குகளை நூறு கன்டெய்னர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அவை படிக்க மட்டும். அங்கே யாரும் எழுத முடியாது. இன்று இதைச் சமாளிப்பது, இணைக்கும்போதே 'இந்த மவுண்ட் முழுவதற்கும் இந்த ஒரு லேபிள்' என்று சொல்லிவிடுவதன் மூலம். டிஸ்கில் கை வைக்காமல் வேலை முடிகிறது. அதற்கு விலை, எல்லா ஃபைலும் ஒரே லேபிளில் இருப்பது. உள்ளே தனிப் பாலிசி வேண்டும் என்று கேட்பவருக்கு இது உதவாது. பாஸ்வேர்டு ஃபைலும் படமும் ஒரே வகை என்றால் பாலிசி எதைப் பிரித்துப் பார்க்கும்?

பக்கத்து வீட்டில் ஒரு சின்ன முன்னுதாரணம் இருக்கிறது. ஃபைலுக்குத் தரும் சிறப்பு அனுமதிகள், அதாவது 'ஃபைல் கேப்பபிலிட்டி', 2017-இல் 4.14 வெளியீட்டில் யூசர் நேம்ஸ்பேஸுக்கு ஏற்றபடி மாற்றப்பட்டன. எந்த நேம்ஸ்பேஸின் ரூட் இதைக் கொடுத்தார் என்ற எண்ணையும் கூடவே பதித்துவிடுகிறார்கள். அந்த நேம்ஸ்பேஸுக்கும் அதற்குள் பிறந்தவற்றுக்கும் மட்டுமே அது செல்லும். நேர்த்தியான தீர்வு. ஆனால் ஒரு ஃபைலுக்கு ஒரு பதிவுதான். கேப்பபிலிட்டிக்கு அது போதும், லேபிளுக்குப் போதாது.

இந்த இடத்தில்தான் ஆப்ஆர்மர் தப்பித்துக்கொள்கிறது. அது ஃபைலில் எதையும் வெட்டுவதில்லை, பாதையைப் பார்க்கிறது. 'இந்த நிரல் இந்தப் பாதையில் உள்ளதைப் படிக்கலாம்' என்பதுபோல விதிகள். அண்டாவில் எழுத்து இல்லை, 'இரண்டாம் கட்டு வடக்கு மூலையில் இருப்பது பொது' என்று நோட்டில் எழுதியிருக்கிறது. நோட்டு என்றால் குடித்தனத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாமே. அதனால் ஆப்ஆர்மரில் பாலிசி நேம்ஸ்பேஸ் எப்போதோ வந்துவிட்டது. 2016 வாக்கிலேயே உபுண்டு லினக்ஸில், எல்எக்ஸ்டி என்ற மென்பொருள் கிளப்பும் கன்டெய்னர்கள் தங்களுக்கென்று ஆப்ஆர்மர் பாலிசி ஏற்றிக்கொள்ள முடிந்தது. வெளிப் பாலிசியும் உள்பாலிசியும் அடுக்கப்பட்டு, இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் வேலை நடக்கும். அதே 'எல்லோரும் சரி சொல்ல வேண்டும்' கொள்கைதான். எழுத்து வெட்டும் முறையா, நோட்டு முறையா எது உசத்தி என்று இருபது வருஷமாக நடக்கும் வாதத்தில் நான் எழுத்துப் பக்கம் நிற்பவன். பாதை மாறிக்கொண்டே இருக்கும், ஒரே பொருளுக்கு இரண்டு பாதை இருக்கும். ஆனாலும் பங்கு பிரிப்பதில் நோட்டு முறை பல படி முன்னால் இருப்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

லேபிள் முறையிலும் சிலர் முயன்றார்கள். 2015-இல் சாம்சங்கில் இருந்து ஸ்மாக்குக்கு நேம்ஸ்பேஸ் வரைவு வந்தது. உள்ளே ஒரு பெயர், வெளியே வேறு பெயர், நடுவில் மாற்று அட்டவணை. பயனர் எண்களுக்குச் செய்வதைப் போலவே. கெர்னலில் சேரவில்லை.

அப்புறம் யார் உருவாக்கலாம் என்ற கேள்வி. இது பார்க்கச் சின்னது, கடித்தால் பல் உடையும். யூசர் நேம்ஸ்பேஸ் வந்ததும் சாதாரணப் பயனர் ஒருவர் தனக்குள் ரூட் ஆகிக்கொள்ள முடிந்தது. முன்பு ரூட் மட்டுமே தொட்ட கெர்னல் மூலைகள் எல்லாம் எல்லோருக்கும் திறந்தன. அந்த மூலைகளில் கிடந்த பழைய பிழைகளும் திறந்தன. 2022 ஜனவரியில் வெளியான சிவிஇ-2022-0185 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டை நல்ல உதாரணம். ஃபைல் சிஸ்டம் இணைக்கும் நிரலில் ஒரு கணக்குப் பிழை. யூசர் நேம்ஸ்பேஸ் வழியாக உள்ளே போனவர் கன்டெய்னரில் இருந்தே தப்பிக்க அது வழி கொடுத்தது. அதே வருஷம் டிசம்பரில் 6.1 வெளியீட்டில், யூசர் நேம்ஸ்பேஸ் உருவாக்குவதையே பாதுகாப்பு மாட்யூல்கள் தடுக்க ஒரு கொக்கி சேர்க்கப்பட்டது. யூசர் நேம்ஸ்பேஸைப் பராமரித்த எரிக் பீடர்மன் கடுமையாக எதிர்த்தார், இருந்தும் சேர்ந்தது. உபுண்டு 24.04 சாதாரண நிரல்கள் அதை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவதை ஆப்ஆர்மர் மூலம் இயல்பாகவே கட்டுப்படுத்துகிறது.

இதைப் பார்த்தவர்கள், பாலிசி ஏற்றும் வாசலை எல்லோருக்கும் திறந்துவிடத் தயங்குவது நியாயம். எஸ்இலினக்ஸ் பாலிசி என்பது சில மெகாபைட் அளவுள்ள பைனரி. அதைக் கெர்னலே பிரித்துப் படிக்கிறது. இதுவரை நம்பிக்கையான ரூட் மட்டும் கொடுத்த ஒன்றை, இனி யார் யாரோ திரித்துக் கொடுப்பார்கள். அதோடு, ஏற்றிய பாலிசி கெர்னல் மெமரியில் உட்காரும். ஆயிரம் நேம்ஸ்பேஸ் ஆளுக்கொரு பாலிசி என்றால் சர்வர் மூச்சு முட்டும். ஆழம் கூடினால் ஒவ்வொரு ஃபைல் திறப்புக்கும் அத்தனை முறை விசாரணை. அதனால்தான் வரைவுகளில் எத்தனை நேம்ஸ்பேஸ், எத்தனை ஆழம் என்பதற்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். புதுக் குடித்தனத்துக்கு அறை ஒதுக்க, வளவில் அறை மிச்சம் இருக்க வேண்டும்.

நெட்வொர்க்கில் வேறு விதமான வலி. வெளியில் இருந்து ஒரு பாக்கெட் வருகிறது. அதைக் கேட்ட பிராசஸ் என்று அந்த நொடியில் யாரும் இல்லை. எந்த நேம்ஸ்பேஸின் பாலிசியை வைத்து அதை விசாரிப்பது? அண்ணன் தம்பியாக இரண்டு நேம்ஸ்பேஸ்கள், ஒன்று மற்றதன் பிராசஸுக்கு சிக்னல் அனுப்புகிறது. அதன் லேபிள் இதன் பாலிசியில் அர்த்தமே இல்லாத சொல். லேபிள் இல்லாதது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆடிட் பதிவோ எல்லோருக்கும் ஒரே நோட்டு. உள்ளே தன் பாலிசி மறுத்ததை உள்ளே இருப்பவர் எங்கே போய்ப் பார்ப்பார்? எங்கள் அலுவலகத்துத் தம்பி தடுமாறியது இதே இடத்தில்தான்.

இத்தனைக்கும் நடுவே வாசல் எங்கே வைப்பது என்று ஒரு விவாதம். மற்ற நேம்ஸ்பேஸ்கள் எல்லாம் 'குளோன்', 'அன்ஷேர்' என்று நிரல்கள் கெர்னலைக் கேட்கும் சிஸ்டம் அழைப்புகளில் ஒரு கொடியை, அதாவது 'ஃப்ளாக்' என்ற குறியை, போட்டால் பிறக்கும். பழைய குளோனின் 32 பிட் கொடிகளில் இடம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. தவிர, எல்லாப் பாதுகாப்பு மாட்யூலுக்கும் நேம்ஸ்பேஸ் ஒரே அர்த்தம் இல்லை. 2024 மார்ச்சில் 6.8 வெளியீடு பாதுகாப்பு மாட்யூல்களுக்கென்றே மூன்று புது சிஸ்டம் அழைப்புகளைத் தந்தது. அவற்றில் ஒன்று, ஒரு பிராசஸ் தன் பாதுகாப்புப் பண்பைத் தானே அமைத்துக்கொள்வதற்கு. அந்த வழியாகவே 'எனக்குத் தனி நேம்ஸ்பேஸ் கொடு' என்று கேட்கலாமா, பொதுக் கொடி வேண்டுமா என்று லினக்ஸ் செக்யூரிட்டி மாட்யூல்ஸ் சட்டகத்தின் பராமரிப்பாளர் பால் மூர் 2025-இல் விவாதத்தைத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு மாட்யூலும் தனக்கு ஏற்ற வழியில் பிரிந்துகொள்ள விடுவதே நல்லது என்பது என் எண்ணம். ஒரே உத்தரவில் எல்லோரையும் வேறு வைக்க, எல்லோர் வீட்டு அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து வெட்டும் வீடும் நோட்டு வீடும் ஒன்றாக இல்லை.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அன்று செய்தது சுலபம். கன்டெய்னரை நிறுத்தி, ஃபோல்டரை இணைக்கும் வரியின் கடைசியில் பெரிய இசட் ஒன்றைச் சேர்த்து மறுபடி கிளப்பச் சொன்னேன். கன்டெய்னர் கிளம்பும்போதே அந்த ஃபோல்டரின் லேபிள் 'கன்டெய்னர்_ஃபைல்_டி' என்று மாறி, அந்தக் கன்டெய்னரின் எண் ஜோடியும் ஒட்டிக்கொள்ளும். சின்ன இசட் என்றால் பல கன்டெய்னர்கள் பங்கிடலாம், பெரிய இசட் என்றால் ஒன்றுக்கு மட்டும். எழுத ஆரம்பித்துவிட்டது. ஹோம் ஃபோல்டர் முழுவதையும் இப்படி இணைத்துவிடாதீர்கள் என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் எழுத்தையும் அது அழித்துப் புதிதாக வெட்டிவிடும். தொலைவில் இருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகளுக்குக்கூடக் கன்டெய்னர் லேபிள் வந்துவிடும், அப்புறம் சர்வருக்குள் சாவி வைத்து நுழைவதே நின்றுபோகலாம்.

"அப்ப 'கெட்என்ஃபோர்ஸ்' உள்ள உண்மை சொல்ற காலம் வருமாண்ணே?" என்று கேட்டார். நேம்ஸ்பேஸ் வந்தால் உள்ளே தன் பாலிசியின் நிலையை அது உண்மையாகச் சொல்லும், வெளியே ஒரு பூட்டு இருப்பது அப்போதும் அதற்குத் தெரியாது, அதனால் மறுப்பு வந்தால் முதலில் சர்வரின் ஆடிட் பதிவைப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டு, டெர்மினலில் அந்த 'ஏவிசி: டினைடு' வரிகளை மறுபடி ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தார்.